மலையே இல்லாத ஊரில் கியர் எதற்கு? முட்டி வலிக்கும் மிதிவேகத்துக்கும் உள்ள கணக்கு

புக்கிட் ரோத்தான்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, வெளிச்சம் வந்தும் வராத நேரம். கோல சிலாங்கூர் வட்டாரச் சாலைகளில் ஹெல்மெட்டும் வண்ணச் சட்டையுமாகச் சைக்கிளோட்டிகள் வரிசையாகப் போவது இப்போது பழகிப்போன காட்சி. அவர்களில் நம்மவர்களும் குறைவில்லை. தோட்டத்தில் பிறந்து, இன்று தாமான் வீட்டில் குடியிருந்து, இனிப்புநீர், கொழுப்பு என்று டாக்டர் எச்சரித்த பிறகு சைக்கிளை எடுத்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பலர். நண்பர்களோடு சேர்ந்து பழைய பந்தய சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கிய இளைஞர்களும் உண்டு.

சில மாதங்களில் அந்தச் சைக்கிள் வீட்டு போர்ச்சில் சாய்ந்து நிற்கத் தொடங்கிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் அடிக்கடி காதில் விழும் பதில், "முட்டி வலிக்குதுங்க" என்பதுதான்.

வயதைக் குறை சொல்வது எளிது. ஆனால் வயதைக் குறை சொல்வதற்கு முன், கால் எந்த வேகத்தில் சுழல்கிறது, சங்கிலி எந்தக் கியரில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். புக்கிட் ரோத்தானைச் சுற்றி அங்கங்கே சிறு மேடுகள் இருக்கலாம். அதைத் தாண்டி வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று போனால் சாலை தட்டை. "மேடே இல்லாத இடத்தில் கியரை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று நினைத்து, ஒரே கனமான கியரைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தாம் அதிகம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மிதிவண்டி என்ற பெயர் அழகான பெயர்தான். ஆனால் ஓட்டுகிறவரை அது கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. மிதி என்றதும் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்துவதுதான் மனத்தில் வருகிறது. நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு வேண்டியது சுழற்சி. பெடல் ஒரு நிமிடத்தில் எத்தனை முழுச் சுற்று சுற்றுகிறது என்பதைத்தான் சைக்கிளோட்டிகள் கேடன்ஸ் என்கிறார்கள். தமிழில் மிதிவேகம் என்று சொல்லலாம்.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். வலது முட்டி மேலே வருவதை முப்பது விநாடிக்கு எண்ணி, இரண்டால் பெருக்கினால் போதும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது 60, 65 என்று வரும். பல ஆண்டுகள் பயிற்சி உள்ள சாலைப் பந்தய வீரர்கள் சமதளத்தில் பெரும்பாலும் 80 முதல் 100 வரை சுழற்றுகிறார்கள்.

இந்த வித்தியாசம் முட்டியை எப்படிப் பாதிக்கிறது? தோட்டத்தில் தள்ளுவண்டியில் செம்பனைக் குலை ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று வண்டியை நிரப்பினால் நடை குறையும், இடுப்பு போய்விடும். பாதி பாதியாக ஏற்றினால் நடை கூடும், உடம்பு தாங்கும். ஏற்ற வேண்டிய குலை இரண்டிலும் ஒன்றுதான்.

எண்ணில் பார்ப்போம். ஒருவர் 150 வாட் சக்தியில் ஓட்டுகிறார். அவருடைய பெடல் தண்டின் நீளம் 170 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் பெடலில் அவர் சராசரியாகத் தர வேண்டிய விசை ஏறக்குறைய 14 கிலோ எடைக்குச் சமம். அதே சக்தி, அதே வேகம், ஆனால் 90 சுற்று என்றால் ஒன்பதரை கிலோ போதும். இது சராசரி கணக்கு. பெடல் கீழே இறங்கும் கட்டத்தில் விசை இதைவிட நிறையவே கூடும். ஒரு மணி நேரத்தில் 3,600 முறை கனமாக அழுத்துவதா, 5,400 முறை லேசாக அழுத்துவதா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் நல்லதா? இல்லை. ஆய்வுக்கூடத்தில் மூச்சை அளந்து பார்த்தால், மிதமான சக்தியில் ஓட்டும்போது உடம்பு மிகக் குறைவாக ஆக்சிஜன் செலவழிப்பது 50, 60 சுற்றில்தான். காலை வெறுமனே வேகமாகச் சுற்றுவதற்கும் சக்தி செலவாகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆக்சிஜன் கணக்கை மட்டும் பார்த்தால் மெதுவாக அழுத்துகிறவர்தான் சிக்கனக்காரர்.

ஆனால் களைப்பு ஆக்சிஜனால் மட்டும் வருவதில்லை. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிளோட்டிகள் ஒரே அளவு ஆக்சிஜன் செலவில் 50 சுற்றிலும் 100 சுற்றிலும் ஓட்டவிடப்பட்டு, தொடைத் தசையில் சேமித்திருந்த மாச்சத்து எவ்வளவு கரைந்தது என்று அளக்கப்பட்டது. மெதுவாகக் கனமாக அழுத்தியபோது, பலம் தரும் ஆனால் சீக்கிரம் களைத்துவிடும் தசை நார்களில் அந்தச் சேமிப்பு அதிகமாகக் கரைந்திருந்தது. கனமான கியரில் போகிறவருக்கு முதல் 20 கிலோமீட்டர் சுகமாகத் தெரிவதற்கும், திரும்பும் வழியில் தொடை கல்லாகிப் போவதற்கும் இது ஒரு காரணம்.

ஆக, எல்லாருக்கும் பொதுவான ஒரு மந்திர எண் கிடையாது. உலக வீரர்களைப் பார்த்தாலும் இதுதான். 1972-இல் மெக்சிகோ சிட்டியில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். முன்னால் 52 பல், பின்னால் 14 பல். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 104 சுற்று. 2022-இல் இத்தாலியின் பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டியபோது முன்னால் இருந்தது 65 பல், சுற்று 97-ஐ ஒட்டி. ஐம்பது ஆண்டில் கியர் பெருத்தது, சுற்று கொஞ்சம் குறைந்தது. அவர் தொடை வேறு, நம் தொடை வேறு என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மலையில் 100 சுற்றுக்கு மேல் சுழற்றியதைப் பார்த்து ஒரு தலைமுறையே அதைக் காப்பியடித்தது. ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. அவருடைய வேகத்துக்கு மிதிவேகம்தான் காரணம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

நம் நாட்டு அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் உலக வெற்றியாளர் ஆனார், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அவர் ஓட்டும் தடகளச் சைக்கிளில் ஒரே கியர்தான், மிதிக்காமல் சும்மா உருளவும் முடியாது. வேகம் கூட வேண்டுமென்றால் கால்தான் கூட வேண்டும். அந்த ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கால்கள் நிமிடத்துக்கு 130 சுற்றையும் தாண்டும். சாலைச் சைக்கிளில் அந்தக் கட்டாயம் இல்லை. கால் ஒரே சீராகப் போகட்டும், சாலைக்கும் காற்றுக்கும் ஏற்பக் கியர் மாறட்டும் என்பதற்காகத்தான் அதில் இருபது, இருபத்திரண்டு கியர் வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கியர் ஒரே இடத்தில் கிடக்கிறது, கால் திண்டாடுகிறது.

கியர்க் கணக்கு ஆரம்பப் பள்ளிப் பெருக்கல், வகுத்தல்தான். முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்க வேண்டும். சாலைச் சைக்கிள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். கிடைக்கும் விடை, பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகரும் என்பது.

இன்று கடையில் கிடைக்கும் பல சாலைச் சைக்கிள்களில் முன்னால் 50, 34 என்று இரண்டு பல்சக்கரம் இருக்கும். 50-க்கு 14 என்று போட்டால் ஒரு சுற்றுக்கு ஏழரை மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 67 சுற்று போதும். 50-க்கு 19 என்றால் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர், அதே 30 கிலோமீட்டருக்கு 90 சுற்று. பக்கத்தில் பக்கத்தில் போகும் இருவரில் ஒருவர் 67, மற்றவர் 90. வேகம் ஒன்றுதான். ஆனால் செகிஞ்சான் போய்த் திரும்பியதும் யாருடைய முட்டி பேசும் என்று ஊகிக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கையான பொருத்தம். அந்தக் காலத்தில் கிராணிமாரும் மண்டோர்களும் பால்மரம் வெட்டப் போனவர்களும் தோட்டத்தில் ஓட்டிய கறுப்பு சைக்கிளுக்கு ஒரே கியர். முன்னால் 46 பல், பின்னால் 18 பல் உள்ள ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொண்டால், அந்தப் பெரிய டயருக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.6 மீட்டர் வரும். இன்றைய 50-க்கு 19 என்ற கியரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தாத்தா அந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து, மணிக்கு 20 கிலோமீட்டரில் நிதானமாகப் போனார். பேரன் அதைவிடக் கனமான கியரைப் போட்டுக்கொண்டு 30-இல் போக நினைக்கிறார்.

மலை இல்லாத இந்த வட்டாரத்தில் மலையின் வேலையைச் செய்வது காற்று. காலை பத்து மணிக்கு மேல் நிலம் சூடேறியதும் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடல் காற்று கிளம்பும். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் போய்விட்டுத் தாமதமாகப் புக்கிட் ரோத்தானுக்குத் திரும்புகிறவர்களுக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது மரங்கள் மறைப்பதால் அவ்வளவாகத் தெரியாது. தோட்டம் முடிந்து வெட்டவெளி வந்த இடத்தில் யாரோ கையை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வரை நெல்வயல்களின் ஓரத்திலும் இதே கதைதான், அங்கே பக்கவாட்டில் அடிக்கும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, அதன் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவருக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்று வந்தால், 45-இல் அடிக்கும் காற்றைத்தான் அவர் உடம்பு சந்திக்கிறது. காற்றால் வரும் எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு. அந்த நேரத்தில் 30-ஐ விடமாட்டேன் என்று கியரை மாற்றாமல் அழுத்துவது வீரமாகத் தோன்றலாம். முட்டியின் கணக்கில் அது நட்டம்.

வேகம் 22-க்கு இறங்குகிறதா, இறங்கட்டும். ஆனால் 50-க்கு 19 கியரிலேயே இருந்தால் சுற்று 66-க்கு விழுந்துவிடும். அதே 22 கிலோமீட்டரை 34-க்கு 17 என்ற கியரில் ஓட்டினால் 87 சுற்று கிடைக்கும். "முன்னால் பெரிய சக்கரத்திலேயே இருந்து, பின்னால் 25-க்கு மாற்றினால் ஆகாதா?" என்று கேட்கலாம். 50-ஐ 25-ஆல் வகுத்தாலும், 34-ஐ 17-ஆல் வகுத்தாலும் விடை இரண்டுதான். ஆனால் 50-க்கு 25-இல் சங்கிலி வெளிப்பக்கப் பெரிய சக்கரத்திலிருந்து உள்பக்கப் பெரிய சக்கரத்துக்குக் கோணலாக ஓடும். உரசும், பல்லும் சங்கிலியும் சீக்கிரம் தேயும். 34-க்கு 17-இல் சங்கிலி ஏறக்குறைய நேராக ஓடும். முன்னால் உள்ள சின்னச் சக்கரம் மலைக்கு மட்டும்தான் என்று யாரோ கிளப்பிவிட்ட எண்ணம் இந்தக் கடற்கரைச் சாலைக்குப் பொருந்தாது.

மாற்றும் நேரம்தான் பழக வேண்டிய வித்தை. கால் கனத்த பிறகு மாற்றினால் தாமதம். தோட்டத்தின் மறைவு முடியப்போவது கண்ணுக்குத் தெரியும்போதே ஒரு பல் இலகுவாக்கிவிட வேண்டும். பெடலை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டே மாற்றினால் சங்கிலி முரண்டு பிடிக்கும், சில நேரம் கழன்றும் விழும். மாற்றும் அந்தக் கணத்தில் சுழற்சியை நிறுத்தாமல் அழுத்தத்தை மட்டும் குறைத்தால் சங்கிலி தானாக ஏறிவிடும்.

சமிக்ஞை விளக்குச் சந்திப்புகளில் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. இவ்வகைச் சைக்கிளில் நின்ற பிறகு கியர் மாறாது, பெடல் சுழன்றால்தான் சங்கிலி நகரும். சிவப்பு விளக்கைத் தூரத்தில் பார்த்ததும் இரண்டு மூன்று பல் இலகுவாக்கிக்கொண்டு வந்து நிற்பவர், பச்சை விழுந்ததும் நேராகக் கிளம்புவார். கனமான கியரில் நின்றவர் முதல் நான்கைந்து மிதிக்கு இடமும் வலமும் தள்ளாடுவார். பின்னால் குலை ஏற்றிய லோரி நிற்கும் சாலையில் அந்தத் தள்ளாட்டம் விளையாட்டில்லை.

உண்மையான மலைக்கு ஆசைப்படுகிறவர்கள் இங்கிருந்து கோல குபு பாருவுக்குப் போய் பிரேசர் மலை ஏறுகிறார்கள், துணிந்தவர்கள் கெந்திங்குக்கும் போகிறார்கள். லங்காவி சைக்கிளோட்டப் போட்டியில் உலக வீரர்களையே பிரித்துப் போட்ட மலை கெந்திங். இரண்டாம் கையாக வாங்கிய பழைய பந்தய சைக்கிள்களில் முன்னால் 53, 39 பல்லும், பின்னால் அதிகபட்சம் 25 பல்லும் இருப்பது வழக்கம். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறும் ஒருவருக்கு 39-க்கு 25-இல் நிமிடத்துக்கு 51 சுற்றுதான் வரும், எழுந்து நின்று மிதித்தே தீர வேண்டும். அதே வேகத்தில் 34-க்கு 32 இருந்தால் 75 சுற்று. பின் பல்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றினாலே நிறைய வித்தியாசம் தெரியும். ஆனால் பழைய கியர் மாற்றி பெரிய பல்லை ஏற்குமா என்று கடைக்காரரிடம் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

மிதிவேகத்தை ஒரே வாரத்தில் 65-லிருந்து 90-க்கு ஏற்ற முயன்றால் என்ன ஆகும்? இருக்கையில் உட்கார முடியாமல் இடுப்பு குதிக்கும், மூச்சு வாங்கும், "இது நமக்கு ஒத்துவராது" என்று பழைய கியருக்கே திரும்பிவிடத் தோன்றும். இடுப்பு குதிக்கத் தொடங்கும் எண்தான் இன்றைய எல்லை. அதற்கு ஐந்து சுற்று கீழே பழக வேண்டும். வாரம் இரண்டு முறை, காற்றில்லாத விடியற்காலையில், வழக்கத்தைவிட இரண்டு பல் இலகுவான கியரில் ஐந்து நிமிடம் சுழற்றி, ஐந்து நிமிடம் வழக்கம்போல் ஓட்டி, மறுபடி சுழற்றி என்று மூன்று நான்கு முறை செய்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த எண் இயல்பாகிவிட்டால் இன்னொரு ஐந்து கூட்டலாம். ஐம்பது வயதுக்காரர் 80-இல் நிம்மதியாக ஓட்டினால் அதுவே நல்ல எண். 90-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. இதயக் கோளாறு உள்ளவர்கள், நெஞ்சுத்துடிப்பு கூடும் இந்தப் பயிற்சியைத் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை.

தாளம் பிடித்து ஓட்டுவதும் உதவும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த காலுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சாலையில் போகக் கூடாது. மனத்துக்குள் எண்ணிக்கொண்டு போனால் போதும்.

சுழற்றுவது என்றால் பெடலை மேலே இழுப்பது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்ந்த வீரர்களும் பெரும்பாலான விசையை இறங்கும் காலில்தான் தருகிறார்கள். வேண்டுமென்றே மேலே இழுத்தால் ஆக்சிஜன் செலவு கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏறும் கால், இறங்கும் காலின்மேல் பாரமாக உட்காராமல் இருந்தால் அதுவே போதுமானது.

எல்லா முட்டி வலிக்கும் கியர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருக்கையின் உயரமும் அதே அளவு முக்கியம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால், அது ஏறக்குறைய சரியான உயரம். பிறகு முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டியில் சிறு மடிப்பு இருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்ந்திருக்கலாம் அல்லது கியர் கனமாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் இருக்கை உயர்ந்திருக்கலாம். இருக்கையை ஒரேயடியாக ஏற்றி இறக்காமல், ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் மாற்றி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டையும் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது முட்டி வீங்கினால், எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டிவிட வேண்டும்.